ஒரே கட்டையில் ஒரு சங்கிலி! தெரியுமா?

பிரிக்பீல்ட்ஸில் காலை எட்டு மணிக்கு ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒரு கேள்வி. அந்தச் ‘சானாய்’ என்ன சொல், தெரியுமா? ‘சென்னையிலிருந்து வந்த ரொட்டி, அதனால் சானாய்’ என்று பக்கத்து மேசைக்காரர் அடித்துச் சொல்வார். அவர் சொல்லட்டும், பொறுங்கள். பதில் ஒரு மரச் செதுக்குப் பட்டறையில், தண்ணீர் சொட்டும் ஒரு கல்லின் மேல் இருக்கிறது. போகிற வழியில் வாய் பிளக்க வைக்கும் சங்கதிகள் ஏராளம். தேத்தாரிக்கைக் குடித்துவிட்டு எழுந்திருங்கள்.

முதல் ஆச்சரியத்துக்குக் கார்கூட வேண்டாம். கே.எல். சென்ட்ரலிலிருந்து நடைபாதை வழியாகவே 2017-இல் திறந்த மூசியம் நெகாரா எம்.ஆர்.டி. நிலையத்துக்குப் போய்விடலாம். மேலே ஏறினால் தேசிய அரும்பொருளகம். அதற்கு முன் அங்கே இருந்த பழைய சிலாங்கூர் அரும்பொருளகத்தை 1945-இல் நேச நாட்டு விமானங்களின் குண்டு நொறுக்கிவிட்டது. இப்போதிருக்கும் கட்டடம் 1963 ஆகஸ்ட் 31-இல் திறந்தது. பள்ளிப் பிள்ளைகளாக எல்லோரும் பேருந்தில் வந்து இறங்கியிருப்போம். நேராக உள்ளே ஓடி, குளிர்சாதனக் காற்றை வாங்கிக்கொண்டு, வெளியே வந்து ஐஸ்கிரீம் தின்றிருப்போம். வளாகத்திலேயே ஓர் அரண்மனை நிற்பதை எத்தனை பேர் திரும்பிப் பார்த்தோம்?

ஆமாம், அரண்மனை! பெயர் ‘இஸ்தானா சாத்து’. 1884-இல் திரங்கானுவில் கட்டப்பட்டது. முழுக்க முழுக்க மரம். திரங்கானுவில் நின்ற அரண்மனை கோலாலம்பூருக்கு எப்படி வந்தது? பெயர்த்துக் கொண்டுவந்தார்கள்! பழைய மலாய் வீடுகள் நம் வீட்டு மரக் கட்டில் மாதிரி. துளையும் நாக்கும் கோத்து, ஆப்பு வைத்து இறுக்கியவை. ஆப்பைத் தட்டிவிட்டால் சுவர் தனி, தூண் தனி, கூரை தனி. சிறிய வீடென்றால் கழற்றக்கூட மாட்டார்கள். கம்பத்து ஆண்கள் அத்தனை பேரும் அடியில் தோள் கொடுத்து, வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார்கள். ‘ஊசோங் ரூமா’ என்று அதற்குப் பெயரே உண்டு. நம் ஊரில் தேர்தான் நகரும், இங்கே வீடே நகர்ந்திருக்கிறது! (நெகிரி செம்பிலானில் ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை 99 தூண்களோடு, ஆணி இல்லாமலே நிற்கிறது. அது தனிப் பயணம், தனிக் கட்டுரை.)

கட்டில் என்றதும் இன்னொன்று. மலாயில் கட்டிலுக்கு ‘காத்தில்’. பெட்டிக்கு ‘பெத்தி’. கப்பலுக்கு ‘காப்பால்’. கடைக்கு ‘கெடாய்’. மரத்தில் செய்வதும், மரத்தில் ஏறி வருவதும், வந்து விற்பதும் தமிழ்ச் சொல்லாகவே இருக்கின்றன பாருங்கள்.

இஸ்தானா சாத்துவின் ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே அண்ணாந்து பாருங்கள். சன்னமாகத் துளைத்துச் செதுக்கிய பலகைகள். வெறும் அலங்காரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது அந்தக் காலத்து மின்விசிறி! சூடான காற்று மேலே ஏறித் துளை வழியே வெளியேறும், குளிர்ந்த காற்று கீழ்வழியே நுழையும். வெளிச்சம் வரும், கண் கூசாது. உள்ளே இருப்பவருக்கு வாசல் தெரியும், வாசலில் நிற்பவருக்கு உள்ளே தெரியாது. நான்கு வேலையை ஒரே பலகை செய்கிறது. துளை பலகையின் மறுபக்கம்வரை போனால் ‘தெபூக் தெம்புஸ்’. போகாமல் பூவும் கொடியும் புடைத்து நின்றால் ‘தெபூக் திம்புல்’.

அந்தக் கொடியை ஒரு நிமிடம் விரலால் பின்தொடருங்கள் (தொடாமல்தான், காவலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார்). எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடுவீர்கள். ஓர் இலைக்கடியில், ஒரு பூவின் பின்னால் வேர் ஒளிந்திருக்கும். அது விதி! மூலம் இருக்க வேண்டும், ஆனால் மறைந்திருக்க வேண்டும். கொடி எப்படி வேண்டுமானாலும் சுற்றி வளையலாம், பக்கத்துக் கொடியைக் குத்தக் கூடாது. எவ்வளவு உயரம் ஏறினாலும் நுனி வானத்தைப் பார்த்துக் குத்திட்டு நிற்கக் கூடாது, தலை கவிழ்ந்து வளைய வேண்டும். மலாய்ச் செதுக்குக்காரர்களிடம் இதைக் கேட்டால் பழமொழி போலச் சொல்வார்கள். ஓவியப் பாடம் கேட்கப் போனால் மாமியார் வீட்டில் நடந்துகொள்ளும் முறையைச் சொல்லி அனுப்புகிறார்கள்!

அந்தப் பூக்கள் யார் யார், தெரியுமா? ‘பூங்கா தஞ்சோங்’ என்பது நம் மகிழம்பூ. ‘செம்பாக்கா’ செண்பகம். ‘தெராத்தாய்’ தாமரை. ‘கெத்தும்பிட்’ என்று ஒரு குட்டிப் பூ, அது தும்பையின் நெருங்கிய உறவு. ‘சூலூர் காச்சாங்’ பயற்றங்கொடியின் சுருள். அரண்மனைக் கதவில் ரோஜாவைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். வேலியோரத்தில் முளைப்பதும் கொல்லையில் படர்வதும்தான் ராஜா வீட்டுக் கதவில் ஏறியிருக்கின்றன. மிருகமும் மனித முகமும் அநேகமாக இருக்காது. இஸ்லாம் வேரூன்றிய பிறகு செதுக்குளி செடிகொடிப் பக்கம் திரும்பிவிட்டது.

ஆனால் முழுதாகத் திரும்பியதா? கிரிஸ் கத்தியின் பிடியைப் பாருங்கள்! ஒரு வகைப் பிடிக்குப் பெயர் ‘ஜாவா டெமாம்’, அதாவது ‘காய்ச்சல்கார ஜாவாக்காரன்’. கைகளைக் கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கி, குளிரில் நடுங்கும் ஒரு மனிதன் அந்த வளைவுக்குள் இருக்கிறான். கண்ணும் மூக்கும் கரைந்து இலையாகவும் சுருளாகவும் ஆகிவிட்டன, நடுக்கம் மட்டும் மிச்சம். கிளந்தான், பட்டாணிப் பக்கத்துப் பிடியோ மீன்கொத்தி மாதிரி நீண்ட மூக்கோடு முறைக்கிறது. பெயரே ‘பெக்காக்கா’, மீன்கொத்தி!

பட்டாணி என்று சொன்னதும் நம் சரித்திரப் புத்தகம் ஒன்று திறக்கிறது. கிளந்தான், திரங்கானுவின் பெசுட், தென் தாய்லாந்தின் பட்டாணி, இந்த வட்டாரத்துச் செதுக்குக் கலைஞர்கள் தங்கள் வித்தையின் வேரை ‘லங்காசுகா’ என்ற பழைய அரசில் காண்கிறார்கள். சீனத்துக்கு 515-ஆம் ஆண்டிலேயே தூது அனுப்பிய அரசு அது. கேட்ட பெயராக இருக்கிறதா? ராஜேந்திர சோழன் 1025-இல் கடல் தாண்டி வந்து வென்ற ஊர்களின் பட்டியல் தஞ்சைக் கோயில் கல்வெட்டில் இருக்கிறதே, அதில் கடாரத்தோடு ‘இலங்காசோகம்’ என்றும் வரும். ஆய்வாளர்கள் அடையாளம் காட்டும் இடம் இதே லங்காசுகாதான்! தஞ்சாவூர்க் கல்லில் வெட்டிய பெயரைத்தான் பெசுட்டில் மரம் செதுக்குகிறவர் தன் பாட்டன் வீட்டுப் பெயர்போலச் சொல்கிறார். எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது. 2003-இல் ஃபாரிஷ் நூரும் எடின் கூவும் இந்த மரபைப் பற்றி ஒரு கனத்த புத்தகமே போட்டார்கள். படங்களுக்காகவாவது நூலகத்தில் தேடுங்கள்.

சரி, பட்டறைக்குப் போவோம். நகரத்துக்குள்ளேயே ஜாலான் கோன்லேயில் கைவினை வளாகம் இருக்கிறது. ரவாங்கில் தேசியக் கைவினைக் கழகம் இந்தத் தொழிலைப் பாடமாகவே நடத்துகிறது. நான் போனது இந்த இரண்டுக்கும் அல்ல. தெரிந்தவர் சொல்லிக் கேட்டுப் போன, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. வாசலிலேயே வாசனை பிடித்துக்கொண்டது. புது மரத்தூள், கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் கோப்பி. எழுபதை நெருங்கும் ஒரு பாக்சிக் தரையில் சம்மணமிட்டு, பலகையை இரு பாதத்தாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு செதுக்கிக்கொண்டிருந்தார். நம் ஊர் ஆசாரி உட்கார்வது போலவே! எதிரில் துணி விரித்து உளிகள். எண்ணினேன், இருபத்தேழு. ஒன்று போல் இன்னொன்று இல்லை. சிலது தட்டை, சிலது வளைவு. வளைவாக இருப்பதற்குப் பெயர் ‘பஹாட் கூக்கு’. கூக்கு என்றால் நகம். முனையைப் பார்த்தால் வெட்டிப் போட்ட கட்டைவிரல் நகமேதான்.

“உட்காருங்க அடிக்” என்றார். உட்கார்ந்தேன். முதலில் காகிதத்தில் வரைந்த பூவைப் பலகையில் ஒட்டியிருந்தார். துளைக்க வேண்டிய இடங்களில் துரப்பணத்தால் ஓட்டை போட்டு, மெல்லிய ரம்பத்தை உள்ளே விட்டு அறுத்தாயிற்று. இப்போது இலைக்கு உயிர் கொடுக்கும் வேலை. ஒரு இலையின் ஓரத்தைச் சரித்துச் செதுக்கினார், இலை திரும்பிப் படுத்தது. நடுவில் ஒரு கீறல், நரம்பு வந்துவிட்டது. தட்டையான பலகை என் கண் முன்னால் காற்றில் அசைவது மாதிரி ஆகிறது! பலகை ஒரு விரற்கடை கனம்கூட இல்லை.

மரம் என்ன என்று கேட்டேன். ‘செங்கால்’. மலாயாத் தீபகற்பத்திலும் தென் தாய்லாந்திலும் மட்டுமே விளையும் மரம். தாவர நூல்காரர்கள் இதற்குத் தனிப் பேரினமே ஒதுக்கியிருக்கிறார்கள், அந்தப் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான், அண்ணன் தம்பி கிடையாது! கறையானும் சுலபத்தில் வாய் வைக்காது. படகுக்கும் இதுதான், தூணுக்கும் இதுதான். தூணாக நடும்போது மரத்தின் அடிப்பக்கம் தரையில்தான் இருக்க வேண்டும், நுனி மேலே. தலைகீழாக நட்டால் வீடு விளங்காது என்பது இவர்கள் நம்பிக்கை. நம் பழைய ஆசாரிகளும் அடி கீழே, நுனி மேலே என்று பார்த்துத்தான் கால் நடுவார்கள்.

இவ்வளவு கெட்டி மரம் என்றால் உளி என்னாகும்? மழுங்கும். பாக்சிக் நான்கு இலை முடித்ததும் நிறுத்தினார். கையை நீட்டி, பக்கத்திலிருந்த ஒரு கல்லை இழுத்தார். தண்ணீர் தெளித்து உளியை அதன் மேல் சாய்த்துத் தேய்க்கத் தொடங்கினார். என்ன பாக்சிக் பண்றீங்க என்று கேட்டதற்கு அவர் சொன்ன ஒரு சொல்லில் என் காலைச் சாப்பாடு முழுக்க நினைவுக்கு வந்தது.

“சானாய்.”

அந்தக் கல்லுக்குப் பெயர் ‘பத்து சானாய்’. நம் சாணைக்கல்! சாணை பிடிப்பது என்ற சொல் கடல் தாண்டி, ‘சானாய்’ ஆகி, உளியைத் தீட்டுவதற்கும், அதே மாதிரி மாவைத் தேய்த்து மெலிதாக்குவதற்கும் மலாயில் நின்றுவிட்டது. ரொட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பது ஊர்ப் பெயரல்ல, ஒரு கல்லின் பெயர்! சென்னைக் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் என் ஓட்டு சாணைக்குத்தான். பாக்சிக்கிடம் இது தமிழ்ச் சொல் என்று சொன்னேன். “இயாகா?” என்று சிரித்துவிட்டு, முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அவருக்கு உளி கூர்மையாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

செதுக்கி முடித்ததும் வழவழப்பாக்க உப்புத்தாள் வைத்திருந்தார். அந்தக் காலத்தில்? இலை! ‘மெம்பெலாஸ்’ என்றொரு காட்டுக்கொடி. இலையின் முதுகு பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருக்கும். அதால் தேய்த்துத்தான் கிரிஸ் உறையையும் பிடியையும் மினுக்குவார்கள். கடைக்கே போக வேண்டாம், காட்டில் உப்புத்தாள் காய்த்துத் தொங்குகிறது! நம் ஊர்ப் பக்கம் பிராய் மரத்து இலைக்கும் இதே வேலை உண்டு.

என்னையும் ஒரு மூலையில் செதுக்கச் சொன்னார். “பெலான், பெலான்.” மெதுவாகத்தான் தட்டினேன். இலை நுனி ஒன்று ‘டிக்’ என்று தெறித்து என் மடியில் விழுந்தது. நாள் முழுக்க நான் பேசாமல் இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான். நல்ல வேளை, அது பழகுவதற்கென்று போட்டிருந்த கழிவுப் பலகை.

கொட்டகைச் சுவரில் இரண்டு சாமான்கள் தொங்கின. ஒன்று ‘ரெஹால்’, குர்ஆன் ஓதும்போது விரித்து வைக்கும் தாங்கி. எக்ஸ் மாதிரி விரியும், மூடினால் ஒரே பலகை. கீல் எங்கே, ஆணி எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லவே இல்லை! ஒரே பலகையை நடுவில் பல் பல்லாக அறுத்து, பாதிக் கனம் வரை பிளந்து, கீலையே அந்த மரத்துக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார்கள். இன்னொன்று ‘சொங்காக்’. படகு மாதிரி நீண்ட கட்டை, பக்கத்துக்கு ஏழு குழி, இரு முனையிலும் பெரிய குழி ஒவ்வொன்று. பாட்டி வீட்டுப் பல்லாங்குழியேதான்! அதற்கும் பக்கத்துக்கு ஏழு. முனையில் மட்டும் இவர்கள் கூடுதலாக ஆளுக்கொரு உண்டியல் வைத்துக்கொண்டார்கள்.

வீடு திரும்பும் வழியில் பங்சார் பக்கம் நிமிர்ந்து பாருங்கள். டெலிகோம் கோபுரம் தெரியும், 310 மீட்டர். தினமும் பார்க்கிற கட்டடம்தான், ஆனால் அது என்ன உருவம், தெரியுமா? மூங்கில் குருத்து! ‘பூச்சோக் ரெபோங்’ என்று சேலை முந்தி மாதிரியான சொங்கெட் துணியிலும் மரத்திலும் முக்கோணமாக வரும் அதே கோலம். ஓவியர் லத்தீஃப் மொஹிடினின் மூங்கில் குருத்துப் படைப்பைப் பார்த்துத்தான் கட்டடக் கலைஞர் ஹிஜ்ஜாஸ் கஸ்தூரி அந்தக் கோபுரத்தை வரைந்தார்.

இந்த நாட்டில் தலைசிறந்த கைவினைஞருக்கு அரசாங்கம் கொடுக்கும் பட்டம் என்ன, தெரியுமா? ‘ஆடிகுரு’. ஆதிகுருவேதான், வேறு விளக்கம் வேண்டாம்.

இனி கிள்ளான். இதுவரை பார்த்ததெல்லாம் முகமில்லாத மரம் என்றால், இனிப் பார்க்கப்போவது முகம் மட்டுமே! கிள்ளானிலிருந்து தெற்கே பந்திங் சாலையில் போய், தெலுக் பங்லிமா காராங்கில் திரும்பி, லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவு. எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற தோட்டத்துரையின் பெயர். கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனை. நம்மவர்கள் உழைத்த மண், தமிழ்ப்பள்ளிகளே இருக்கின்றன. அந்தச் செம்பனைக்கு நடுவில்தான் சுங்கை பும்புன் கம்பம். மா மெரி மக்களின் ஊர்.

இவர்கள் மலாய்க்காரர்கள் அல்ல, பூர்வகுடிகள். தீபகற்பத்துப் பூர்வகுடிகளில் 18 பிரிவுகள் உண்டு. அவற்றில் மரச் சிற்பத்துக்குப் பேர்போனவை இரண்டே இரண்டு, பகாங்கின் ஜா ஹுட்டும் இந்த மா மெரியும். இவர்களுடைய மொழிக்கு உறவு எங்கே இருக்கிறது, தெரியுமா? கம்போடியாவின் கெமர், இந்தியாவின் சந்தாலி, மேகாலயத்துக் காஸி! கேரித் தீவுச் செம்பனை நிழலில் பேசுகிற மொழிக்கு ஜார்க்கண்டில் ஒன்றுவிட்ட சொந்தம்!

சிற்பத்துக்கு இவர்கள் எடுக்கும் மரம் ‘நீரே பத்து’. சதுப்பு நிலத்தில், உப்புத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு வளர்வது. ‘பத்து’ என்றால் கல். கையில் தூக்கினால் பெயர்க் காரணம் மணிக்கட்டுக்குத் தெரியும். செதுக்கச் செதுக்கச் சிவப்பு, நாளாக நாளாகக் கருஞ்சிவப்பு. முகமூடிக்கு மட்டும் லேசான ‘பூலாய்’ மரம், முகத்தில் கட்டிக்கொண்டு ஆட வேண்டுமே! ஆண்டுக்கொரு முறை ‘ஆரி மோயாங்’ நாளில் முகமூடி கட்டி, தென்னை, நிப்பா ஓலையில் மடித்த தொங்கல்களை அணிந்து ஆடுகிறார்கள். ‘மோயாங்’ என்றால் முன்னோர் ஆவி. ஒவ்வொரு மோயாங்குக்கும் ஒரு முகம், ஒரு கதை, ஒரு கோபம். தோட்டத்து ஆலமரத்தடியில் முனீஸ்வரருக்குச் சுருட்டு வைத்துக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஓலை மடிப்பைப் பார்த்தால் நம் தோரணக்காரர்கள் அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

இந்தச் சிற்பங்களுக்கு யுனெஸ்கோ கைவினைச் சிறப்பு முத்திரை கொடுத்திருக்கிறது. ரோலண்ட் வெர்னர் என்ற ஜெர்மானியர் 1970-களிலேயே இவர்கள் கலையைப் புத்தகமாக எழுதி வைத்தார். நானோ, பக்கத்தில் இருந்துகொண்டே, சுற்றுலாக் கடை ஒன்றில் ‘பூர்வகுடி முகமூடி’ என்று நல்ல விலை கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து சுரண்டிப் பார்த்தால் பிசின் வார்ப்பு! மரமென்றால் அடிப்பக்கத்தில் உளித்தடம் இருக்கும், ரேகை ஓடும். திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கம்பத்தில் ஓர் இளைஞர் தன் அப்பா செய்ததென்று ஒரு சிற்பத்தைத் தூக்கி வந்தார். ‘ஹரிமாவ் பெராந்தாய்’, சங்கிலிப் புலி. வாயைப் பிளந்த புலி, அதன் உடம்பைச் சுற்றி வளையம் வளையமாகச் சங்கிலி. வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஆடுகின்றன. எங்கே ஒட்டினார்கள் என்று மூக்கை வைத்துத் தேடினேன். ஒட்டே இல்லை! புலியும் சங்கிலியும் ஒரே கட்டை. வளையத்துக்குள் வளையமாக மரத்தைக் குடைந்து குடைந்து விடுவித்திருக்கிறார்கள். கடைசி வளையத்தில் உளி ஒரு நூல் தவறினால் மொத்தமும் விறகு.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்து மூலைகளில் தொங்குமே, ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி! வழிகாட்டிகள் விரல் நீட்டிக் காட்ட, ‘அடேயப்பா’ என்று நின்றிருப்போம். அதே வித்தை, கல்லுக்குப் பதில் சதுப்பு மரத்தில், கிள்ளானிலிருந்து கூப்பிடு தூரத்தில்!

“ஆட்டிப் பாருங்க” என்றார் இளைஞர். பயந்து பயந்து ஆட்டினேன். இரும்புச் சத்தம் வரும் என்று காது எதிர்பார்த்துவிட்டது போல. வந்தது ‘கடக், கடக்’ என்று சன்னமாக, சொங்காக் குழியில் புளியங்கொட்டை விழுகிற மாதிரி. விலையைக் கேட்டேன், என் பர்ஸ் வாயை மூடிக்கொண்டது. உள்ளங்கை அகல முகமூடி ஒன்றை எடுத்து, முதலில் திருப்பி உளித்தடத்தைப் பார்த்தேன். அவர் அதைப் பழைய தமிழ் நாளிதழில் சுற்றிக் கொடுத்தார். பக்கத்துத் தோட்டத்து வீட்டு ஆண்ட்டி தருவதாம்.